உடம்புக்குள் ஒரு கருவி, வாசலில் ஒரு கருவி

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே பிறக்க இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. குண்டு இருக்கும் இடத்தை அறிய அன்றைய மருத்துவர்களுக்குத் தெரிந்த வழி, காயத்துக்குள் விரலையும் கம்பியையும் விட்டுத் துழாவுவது. கிருமி பற்றிய எச்சரிக்கை ஐரோப்பாவில் பரவியிருந்த காலத்திலும், கழுவாத கைகளால் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

தொலைபேசியால் உலகப் புகழ் பெற்றிருந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உடம்பைக் கிழிக்காமல் குண்டைத் தேட ஒரு வழி சொன்னார். இரண்டு கம்பிச் சுருள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் விட்டுவிட்டு மின்சாரம் பாயும். அதன் காந்தப்புலம் அடுத்த சுருளில் மின்சாரத்தைத் தூண்டாதபடி இரண்டையும் சமன்செய்து வைக்க வேண்டும். அருகில் உலோகம் வந்தால் அந்தச் சமநிலை குலையும். காதில் வைத்திருக்கும் ரிசீவரில் ஒலி கேட்கும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் 1 அன்றும் ஜனாதிபதியின் உடம்பின் மேல் பெல் அந்தக் கருவியை நகர்த்திப் பார்த்தார். தெளிவான விடை கிடைக்கவில்லை. தலைமை மருத்துவர் வலது பக்கத்தில் மட்டுமே தேட அனுமதித்தார். படுக்கைக்கு அடியில் இருந்த எஃகுக் கம்பிகளும் கருவியைக் குழப்பின. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம் கிடந்தது தெரிந்தது.

மெட்டல் டிடெக்டர் உலகத்தின் கண் முன்னால் அரங்கேறியது இப்படி ஒரு நோயாளியின் படுக்கையில்தான். அதன் கூட்டாளிகளின் கதையும் இதேதான். 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்ட ரான்ட்ஜன் முதலில் படமெடுத்த மனித உறுப்புகளில் ஒன்று அவருடைய மனைவியின் கை. சில மாதங்களுக்குள் அது மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. சி.டி. ஸ்கேனர் 1971 அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படமெடுத்தது; அதை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு 1979-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விமானக் கடத்தல்கள் பெருகிய பின் 1973 ஜனவரி 5 முதல் அமெரிக்கா எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் வளர்ந்த இந்தக் கருவிகள் அப்படித்தான் விமான நிலையத்துக்குக் குடிபெயர்ந்தன.

இன்று சென்னை மீனம்பாக்கத்தில் நள்ளிரவு விமானத்துக்கு நிற்கும் வரிசையைப் பாருங்கள். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்றப்பட்டிருக்கும். அப்பாவின் நெஞ்சில் பேஸ்மேக்கர், சட்டைப்பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. பின்னால் நிற்கும் கல்லூரி மாணவியின் கையில் சர்க்கரை அளவைச் சொல்லும் சென்சார் ஒட்டியிருக்கும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பயம் ஒன்று உண்டு: இந்த வாசல் என் கருவியைக் கெடுத்துவிடுமா? கூடவே இன்னொரு பயம்: இத்தனை பேர் முன்னால் என்னைத் தனியாக நிறுத்திவிடுவார்களா?

இரண்டு பயத்துக்கும் மருந்து ஒன்றுதான். ஒவ்வொரு சோதனைக் கருவியும் உடம்பிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. அந்தக் கேள்வி என்ன என்று தெரிந்தவருக்குப் பதிலும் தெரியும்.

வாசல் கேட்கும் கேள்வி

மெட்டல் டிடெக்டர் வாசலின் இரு தூண்களுக்குள்ளும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் வினாடிக்குப் பல நூறு முறை மின்துடிப்புகள் பாய்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு காந்தப்புலம் எழுந்து உடனே சரிகிறது. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே காட்டிய விதி இங்கே வேலைசெய்கிறது. வாசலுக்குள் ஓர் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். அவை தங்கள் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். சுருளின் புலம் சரிந்துவிட்ட பிறகும் அந்த எதிரொலி கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும். கருவி தேடுவது அந்த மிச்சத்தைத்தான்.

"டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் டிடெக்டரில் சிக்காது" என்று பலர் நம்புகிறார்கள். காந்தத்தில் ஒட்டுவது இங்கே முக்கியமே இல்லை. மின்சாரம் அதற்குள் சுழல முடியுமா, சுழல எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதுதான் கணக்கு. மாற்று முழங்காலில் தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட்–குரோமியக் கவசம், கீழ் எலும்பின் தலையில் பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, நடுவே பிளாஸ்டிக். மொத்த எடை ஏறக்குறைய அரைக் கிலோ. இவ்வளவு பெரிய உலோகம் ஒலி எழுப்பாமல் கடந்தால்தான் ஆச்சரியம். இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டும் உலோகம்தான். ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் எடையுள்ள மெல்லிய வலை. சின்ன உலோகத்தின் எதிரொலி தூரத்தோடு மிக வேகமாகத் தேயும். தூரம் இரு மடங்கானால் ஏறக்குறைய 64 மடங்கு குறைந்துவிடும். அதனால் ஸ்டென்டும் பல் அடைப்பும் பொதுவாக வாசலை எழுப்புவதில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசல் "உலோகம் இருக்கிறது" என்று சொல்லும். இன்றைய வாசல்கள் கூடுதலாக, எந்த உயரத்தில் இருக்கிறது என்று விளக்கெரித்துக் காட்டும். அது முழங்காலா, இடுப்பில் செருகிய கத்தியா என்று அதற்குத் தெரியாது. டாக்டரின் கடிதமோ இம்ப்ளாண்ட் அட்டையோ கையில் இருந்தாலும் வாசல் ஒலிக்கத்தான் செய்யும். அடுத்த கட்டச் சோதனையும் நடக்கத்தான் செய்யும். கடிதம் சோதனையை நிறுத்துவதற்கான சீட்டு இல்லை. சோதிப்பவர் எங்கே, எதைப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. அதனால் சோதனை சீக்கிரம் முடிகிறது.

நெஞ்சுக்குள் கேட்கும் காது

பேஸ்மேக்கரின் விஷயம் வேறு. முழங்கால் வாசலிடம் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பேஸ்மேக்கரோ அந்த வாசலின் காந்தப்புலத்தைத் தானும் உணரக்கூடியது.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் உள்வைப்புப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. பொருத்தியவர் ஓகே செனிங். வடிவமைத்த பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனால் லார்சன் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களோடு 86 வயது வரை வாழ்ந்து 2001-ல் இறந்தார். மருத்துவரும் பொறியாளரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

லார்சனின் முதல் கருவி இதயத்தைக் கேட்கவே இல்லை. குறித்த இடைவெளியில் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருந்தது. இன்றைய பேஸ்மேக்கர் முதலில் கேட்கிறது. இதயம் தானாகத் துடித்தால் சும்மா இருக்கும். துடிப்பு தவறினால் மட்டும் தூண்டும். இதயத்திலிருந்து கம்பி வழியே அதற்கு வரும் மின்குறி சில மில்லிவோல்ட்தான். கெட்டிமேளம் கொட்டும் மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் காதில் வாங்க முயல்வது போன்ற வேலை இது. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலை இதயத்துடிப்பு என்று கருவி தப்பாக எடுத்துக்கொண்டால், "இதயம் துடிக்கிறது, நாம் தலையிட வேண்டாம்" என்று நின்றுவிடலாம். ஐ.சி.டி. என்னும் அதிர்ச்சிக் கருவி வைத்திருப்பவருக்கு எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. இரைச்சலை உயிர்கொல்லும் படபடப்பு என்று எண்ணி அது தேவையில்லாத ஷாக் கொடுக்கலாம்.

இதைத் தடுக்கப் பொறியாளர்கள் மூன்று அரண்களைக் கட்டியிருக்கிறார்கள். முதலாவது, டைட்டானியக் கூடு. உள்ளே இருக்கும் சர்க்யூட்டை அது மூடிக் காக்கிறது. இரண்டாவது, கம்பியின் அமைப்பு. பழைய கம்பிகளில் இதயத்துக்குள் ஒரு மின்முனையும் நெஞ்சில் இருக்கும் கூடு இன்னொரு முனையுமாக இருந்தன. இடைவெளி பெரிது, அதனால் அகப்படும் இரைச்சலும் பெரிது. இப்போதைய கம்பியில் இரண்டு முனைகளும் நுனியிலேயே, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுகிறது. கருவி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் கணக்கிடுவதால் இரைச்சல் கழிந்துபோகிறது. இதயத்தின் குறி மிக அருகில் பிறப்பதால் அது தப்பிவிடுகிறது. மூன்றாவது, சந்தேகம் வந்தால் எடுக்கும் முடிவு. எந்த இதயமும் துடிக்க முடியாத வேகத்தில் குறிகள் வந்து குவிந்தால், பேஸ்மேக்கர் கேட்பதை நிறுத்திவிட்டு, இரைச்சல் தீரும் வரை குறித்த வேகத்தில் துடிப்பைக் கொடுக்கத் தொடங்கும்.

இந்த அரண்கள் தாங்குகின்றனவா? 2003-ல் ஜெர்மனியின் மியூனிக் மருத்துவர்கள் பேஸ்மேக்கரோ ஐ.சி.டி.யோ வைத்திருந்த 348 பேரை விமான நிலைய வகை வாசல் வழியே நடக்கவிட்டு, இதயத்தின் மின்வரைபடத்தைக் கவனித்தார்கள். ஒருவருக்கும் கோளாறு வரவில்லை. கையில் பிடிக்கும் டிடெக்டரை வைத்து 388 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2011-ல் வெளியானது. கருவியின் மேலேயே 30 வினாடி அதைப் பிடித்திருந்தும் கோளாறு இல்லை.

பிறகு ஏன் எச்சரிக்கை? நேரமும் தூரமும்தான் காரணம். வாசலைக் கடப்பது ஓரிரு வினாடி. வாசலிலேயே சாய்ந்து நிற்பது வேறு கதை. கடைகளில் திருட்டைத் தடுக்க வைக்கும் வாசல்கள் சிலவற்றின் அருகில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு ஐ.சி.டி. தேவையில்லாத ஷாக் கொடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால் விதி எளிது: இயல்பான நடையில் கடந்துபோங்கள், தூணில் சாயாதீர்கள், வாசலுக்கு நடுவில் நின்று பையைத் தேடாதீர்கள். கையடக்க டிடெக்டரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று கேளுங்கள். நம் விமான நிலையங்களில் சி.ஐ.எஸ்.எஃப். காவலரிடம் முன்கூட்டியே அட்டையைக் காட்டிச் சொன்னால், கையால் தடவிப் பார்க்கும் சோதனைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படிக் கேட்பது சலுகை கோருவது ஆகாது. பேஸ்மேக்கர் நிறுவனங்களும் இதய மருத்துவர்களும் சொல்லும் வழியே அதுதான்.

உள்ளே பார்ப்பதும் மேலே பார்ப்பதும்

வெளிநாட்டு விமான நிலையங்களில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லும் கண்ணாடிக் கூண்டைப் பார்த்திருப்பீர்கள். அது எக்ஸ்ரே என்று பயப்படுபவர்கள் அதிகம். அங்கே வேலைசெய்வது மில்லிமீட்டர் அலைகள் எனப்படும் ரேடியோ அலைகள். பரவலாக உள்ள ஸ்கேனர்களில் அலைநீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். துணியை ஊடுருவும், தோலில் இருக்கும் நீரில் பட்டதும் திரும்பிவிடும். தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. மரபணுவை உடைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கர்ப்பிணிகள் இதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

மெட்டல் டிடெக்டர் உடம்பின் ஆழம் வரை பார்க்கும், ஆனால் உலோகத்தை மட்டும். இந்தக் கூண்டு எந்தப் பொருளையும் பார்க்கும், ஆனால் தோலுக்கு வெளியே மட்டும். அதனால் மாற்று முழங்கால் இதில் தெரியாது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மலப்பை, சிறுநீர் சேரும் பை, தடிமனான காயக்கட்டு, இன்சுலின் பம்ப் எல்லாம் தெரியும். வாசலில் மாட்டாதவர் கூண்டில் மாட்டலாம். கூண்டில் மாட்டாதவர் வாசலில் மாட்டலாம். இன்றைய கூண்டுகள் உடம்பின் படத்தைத் திரையில் காட்டுவதில்லை. பொம்மை உருவம் ஒன்றில் சந்தேகமான இடத்தில் ஒரு கட்டம் மட்டும் விழும். வயிற்றில் கட்டம் விழுந்தால், "எனக்கு இங்கே ஒரு பை பொருத்தியிருக்கிறார்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதைத் தானே தொட்டுக் காட்டிவிட்டு, விரலைத் துணித்துண்டால் தடவிப் பார்க்கும் வெடிமருந்துத் தடயச் சோதனைக்குக் கொடுப்பதும் பல நாடுகளில் ஏற்கப்படும் முறை.

கைப்பை போகும் எக்ஸ்ரே பெட்டி இரண்டு விதமான ஆற்றலில் கதிரைச் செலுத்துகிறது. கனமான அணுக்கள் ஒரு விதமாகவும் லேசான அணுக்கள் வேறு விதமாகவும் அதை உறிஞ்சுவதால், பொருள் எந்த வகை என்று ஊகித்துத் திரையில் நிறம் கொடுக்கிறது. உலோகம் நீலம், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் கொண்ட கரிமப் பொருள்கள் ஆரஞ்சு, இரண்டும் கலந்தவை பச்சை. சலைன் பாட்டில் ஆரஞ்சு, மருந்தும் ஆரஞ்சு, பெரும்பாலான வெடிமருந்துகளும் ஆரஞ்சு. திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் உங்கள் மருந்துப் பையைத் திறக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். உங்கள் மேல் அவருக்கு எந்த வன்மமும் இல்லை.

சர்க்கரை நோயாளியின் பை

இன்சுலினுக்கு எக்ஸ்ரேயால் கேடு வரும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. பழைய வகை எக்ஸ்ரே பெட்டியில் ஒரு பொருள் பெறும் கதிர், ஓராண்டில் நாம் இயற்கையிலிருந்து பெறுவதில் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அது இன்சுலினை ஒன்றும் செய்யாது. விமானப் பயணத்தில் இன்சுலினின் உண்மையான எதிரி, உறையவைக்கும் குளிர். இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். உருகிய பிறகு பார்ப்பதற்குப் பழையபடி இருந்தாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. செக்–இன் பெட்டிகள் போகும் சரக்கறையில் வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்று நமக்குத் தெரியாது. பெட்டியே தொலைந்தாலும் போயிற்று. இன்சுலினும் ஊசியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

2006 ஆகஸ்டில், அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களில் திரவ வெடிமருந்து வைக்கத் திட்டமிட்ட ஒரு சதியை பிரிட்டன் முறியடித்தது. அதன் பிறகுதான் கைப்பைத் திரவங்களுக்கு 100 மில்லி வரம்பு வந்தது. பயணத்துக்குத் தேவையான மருந்துகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு, பையைத் திறக்கும் முன்பே அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். இன்சுலினைக் குளுமையாக வைக்கும் ஜெல் பைக்கும் பெரும்பாலான நாடுகளில் இது பொருந்தும்.

பம்பும் சென்சாரும் கொஞ்சம் நிதானம் கேட்பவை. சில நிறுவனங்கள் தங்கள் கருவியை எக்ஸ்ரே பெட்டியில் போட வேண்டாம், முழு உடல் ஸ்கேனருக்குள் போக வேண்டாம் என்கின்றன. மெட்டல் டிடெக்டர் வாசலைக் கடக்கலாம் என்கின்றன. வேறு சில மாடல்களுக்கு இந்தத் தடை இல்லை. ஒருமுறை கதிர் பட்டதும் கருவி செத்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சென்சார் தவறான எண்ணைச் சொன்னால் தவறான அளவில் இன்சுலின் உடம்புக்குள் போகும். அந்தத் தவறுக்கு விலை உயிர். சோதித்து உறுதிசெய்யாத இடத்தில் தயாரிப்பாளர் உத்தரவாதம் தர மாட்டார், தரவும் கூடாது. இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கும் சி.டி. வகை எக்ஸ்ரே வந்துவிட்டது. பல கோணங்களிலிருந்து படமெடுப்பதால் அதில் கதிரின் அளவும் கூடும். ஆகவே உங்கள் மாடலின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே வேதமாகக் கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் சென்சாரோடு போய்வந்தார் என்பது உங்கள் சென்சாருக்கு அத்தாட்சி ஆகாது.

வெடிமருந்தும் நெஞ்சுவலி மாத்திரையும்

சோதனைச் சாவடியில் சில சமயம் ஒரு சின்னத் துணித்துண்டை உங்கள் உள்ளங்கையிலும் பையிலும் தடவி ஒரு பெட்டிக்குள் செருகுவார்கள். பெட்டி அதைச் சூடாக்கி, ஒட்டியிருக்கும் துகள்களை ஆவியாக்கும். ஆவிக்கு மின்னேற்றம் கொடுத்து ஒரு குழாய்க்குள் ஓடவிடும். சிறிய மூலக்கூறு வேகமாக ஓடும், பருத்தது மெதுவாக ஓடும். ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் முடியும் அந்த ஓட்டத்தின் நேரத்தைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு இது இன்ன வெடிமருந்து என்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத நானோகிராம் அளவே இதற்குப் போதும்.

அந்தப் பட்டியலில் உள்ள நைட்ரோகிளிசரின், இதய நோயாளிக்கும் பழக்கமான பெயர். 1847-ல் இத்தாலியர் அஸ்கானியோ சொப்ரேரோ அதைத் தயாரித்தார். நாக்கில் பட்டால் தலை விண்விண்ணென்று வலிப்பதையும் கவனித்தார். 1867-ல் ஆல்ஃபிரட் நோபல் அதை அடக்கி டைனமைட் ஆக்கினார். 1879-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதே பொருளை நெஞ்சுவலிக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார். வாழ்வின் கடைசியில் இதய நோயால் அவதிப்பட்ட நோபலுக்கே மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள். அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டு ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது என்ற விளக்கம் முழுமையாகத் துலங்க நூறாண்டு ஆனது; நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்காக மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் 1998-ல் நோபலின் பெயரிலேயே பரிசு பெற்றார்கள்.

நம் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும் அந்த நைட்ரேட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்த மாத்திரைகள் வெடிக்காது. சில மில்லிகிராம் மருந்து, மீதி எல்லாம் நிரப்புப் பொருள். ஆனால் நைட்ரோகிளிசரின் மாத்திரையை எடுத்த விரலிலோ, ஸ்பிரே அடித்த கையிலோ ஒட்டிய நுண்துகள் பெட்டியை அலறவைக்கலாம். கிளிசரின் கலந்த கைக்கிரீமும் சில கருவிகளை ஏமாற்றியிருக்கிறது. அலாரம் அடித்தால் பதற வேண்டாம். மாத்திரையை அதன் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் காட்டுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போகும் பழக்கத்தை விமானப் பயணத்துக்காவது விட்டுவிடுங்கள். முக்கியமாக, நெஞ்சு வலித்தால் அலாரத்துக்குப் பயந்து மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கதிரோடு வருபவர்கள்

தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்–131 எடுத்துக்கொண்டவரும், இதய ஸ்கேனுக்காகத் தாலியம் ஊசி போட்டுக்கொண்டவரும் சில காலம் லேசாகக் கதிர் வீசிக்கொண்டிருப்பார்கள். அணுப்பொருள் கடத்தலைப் பிடிக்கப் பல நாட்டு எல்லைகளில் வைத்திருக்கும் கதிர் உணரிகளுக்கு அது தெரியும். அயோடின்–131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும்; 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். உடம்பும் அதைக் கழிவாக வெளியேற்றுவதால் உண்மையில் இன்னும் சீக்கிரம் குறையும். ஆனால் உணரிகள் மிக நுட்பமானவை. சிகிச்சை முடிந்து வாரக்கணக்கில் ஆன பிறகும் ஒலித்திருக்கின்றன. என்ன மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுதிய கடிதத்தை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

மூச்சுக்கான கருவிகள்

தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்கள் கொண்டுபோகும் சிபாப் கருவிக்குள் மோட்டாரும் சர்க்யூட்டும் நெருக்கமாக இருப்பதால், லேப்டாப்பைப் போல அதையும் வெளியே எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். பலருடைய செருப்பும் பெல்ட்டும் கிடந்த தட்டு அது. கருவியைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால், பையோடே எக்ஸ்ரேக்குள் போகும். முகமூடியைப் பையிலேயே விட்டுவிடலாம். துணித்துண்டால் தடவிப் பார்க்க வேண்டுமென்றால் புதுக் கையுறை போட்டுக்கொள்ளும்படி கேளுங்கள். மூச்சு போகிற குழாய் அது. கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆக்சிஜன் தேவைப்படுபவர் பெரும்பாலான விமானங்களில் சொந்த சிலிண்டரோடு ஏற முடியாது. அதற்கு மாற்றாக வந்தது கையில் எடுத்துப்போகும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். அது காற்றை அழுத்தி ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமத்தின் வழியே தள்ளும். ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ள, ஆக்சிஜன் செறிந்த காற்று வெளியே வரும். விமானத்துக்குள் இது ஏன் வேண்டும்? பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுவரை குறையலாம். ஊட்டிக்கும் தொட்டபெட்டா சிகரத்துக்கும் இடைப்பட்ட உயரம் அது. தரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்குதான் அங்கே கிடைக்கும். திடமான நுரையீரலுக்கு அது பொருட்டில்லை. நலிந்த நுரையீரலுக்குப் பெரிய இழப்பு.

சோதனையில் இந்தக் கருவிகள் மாட்டுவது பெரும்பாலும் பேட்டரியால். லித்தியம் பேட்டரி 100 வாட்–மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பேட்டரியின் மேல் வோல்ட்டும் ஆம்பியர்–மணியும் மட்டும் அச்சிட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்–மணி என்றால் ஏறக்குறைய 98. உபரி பேட்டரி செக்–இன் பெட்டிக்குள் போகக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பற்றினால் அதன் சூடே அடுத்த செல்லைப் பற்றவைத்துத் தொடரும். பயணிகள் பகுதியில் என்றால் ஊழியர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி வேண்டும் என்று பல விமான நிறுவனங்கள் கேட்கின்றன. மருத்துவர் கையெழுத்திட்ட படிவத்தையும் முன்கூட்டியே கேட்பார்கள். டிக்கெட் எடுக்கும் நாளிலேயே விசாரித்துவிட வேண்டிய விஷயம் இது.

செயற்கைக் காலும் மனித மரியாதையும்

நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மீண்டும் மேடையேறியவர். ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் அவர் பிரதமருக்கு ஒரு காணொளி வழியாக முறையிட்டார். சி.ஐ.எஸ்.எஃப். வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், இன்னொரு வழக்கில், பாதுகாப்புச் சோதனையின்போது செயற்கை உறுப்புகளைக் கழற்றச் சொல்லக் கூடாது என்றும் அது மனித கண்ணியம் சார்ந்த விஷயம் என்றும் உச்ச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது.

இந்த இடத்தில் அறிவியல் மரியாதையின் பக்கம் நிற்கிறது. செயற்கைக் காலுக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்கும் கருவி கையிலேயே இருக்கிறது: காலின் மேலும் பொருத்தின் விளிம்பிலும் துணித்துண்டைத் தடவிப் பெட்டியில் செருகினால் சில வினாடிகளில் பதில் வரும். ஆடையை விலக்கிப் பார்க்க வேண்டுமென்றால் தனி அறை, அதே பாலினத்தைச் சேர்ந்த அதிகாரி, விரும்பினால் உடன் வந்தவர் ஒருவர். இத்தனை வழிகள் இருக்கும்போது வரிசையின் நடுவில் ஒருவரைக் காலைக் கழற்றச் சொல்வதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பழக்கதோஷம்; மாற்ற முடிந்த பழக்கதோஷம்.

இதுவரை பார்த்த ஒவ்வொரு கருவியும் "இருக்கிறது" என்று சொல்லக் கற்றிருக்கிறது. "என்ன, எதற்காக" என்று சொல்ல ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அந்த மனிதர் நோயாளிதான். அவருக்கு அதைக் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு? பேஸ்மேக்கர் வைத்த மருத்துவமனை எப்போது தையல் பிரிப்பது, எந்தக் கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறது. வாசலை எப்படிக் கடப்பது என்றும் சேர்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கருவியின் பெயர், மாடல், வைத்த தேதி, எந்தச் சோதனை கூடும், எது கூடாது என்று ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஓர் அட்டையை டிஸ்சார்ஜ் தாளோடு கொடுத்தால், அதைப் படித்துப் பார்க்கும் நோயாளி தன் உடம்பைப் பற்றித் தானே பேசத் தெரிந்தவராகிறார். உடம்புக்குள் ஒரு கருவியை வைப்பது மட்டும் சிகிச்சை ஆகிவிடாது. அந்தக் கருவியோடு தலைநிமிர்ந்து எங்கும் போய்வரக் கற்றுக்கொடுப்பதும் அந்தச் சிகிச்சையில் ஒரு பாதி. அந்த அட்டையை உங்கள் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.